வாக்கர் மோட்டிஃப் கிடைத்திருக்கிறது, ஆனால் அலைன்மென்ட்டில் எல்லாமே நட்சத்திரம். யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்

நாகமலை_நிலா

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. திருமங்கலம் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்து மண்ணிலிருந்து எங்கள் சீனியர்கள் பிரித்தெடுத்த பேசில்லஸ் ஒன்றின் ஜீனோம் எங்களிடம் இருக்கிறது. அதில் "ஹைப்போதெட்டிக்கல் புரோட்டீன்" என்று மட்டும் பெயர் போட்ட, வேலை தெரியாத ஒரு புரதம், நீளம் 241 அமினோ அமிலம். இது ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) பிடிக்குமா, பிடித்தால் எந்தக் குடும்பம் என்பதுதான் என் புராஜெக்ட்.

இதுவரை செய்தது: பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் கருவி) போட்டேன். முதல் ஐம்பது ஹிட்டையும் எடுத்து கிளஸ்டல் ஒமேகாவில் ஓட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன் (அதுதான் அலைன்மென்ட்). கீழே நட்சத்திர வரிசை (எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, அதாவது ஒரே அமினோ அமிலம் இருந்தால் நட்சத்திரம்) கிட்டத்தட்ட முழுக்க நிரம்பிவிட்டது. எது முக்கியமான இடம், எது இல்லை என்று பிரிக்கவே முடியவில்லை. அப்புறம் புரோசைட் தரவுத்தளத்தின் பேட்டர்ன் தேடலில் 198ஆம் இடத்தில் வாக்கர் ஏ மோட்டிஃப் (ஏடிபி பிடிக்கும் பல புரதங்களில் வரும் எட்டு எழுத்துத் தொடர்) என்று காட்டுகிறது. பிளாஸ்ட் ஹிட்டுகளில் சிலவற்றுக்கு "ஏடிபி பைண்டிங் புரோட்டீன்" என்றும் பெயர் இருக்கிறது. கைடு "சரிம்மா, எந்த டொமைன்?" என்று, அதாவது தனியாக மடிந்து நிற்கும் எந்தப் பகுதி என்று கேட்கிறார். அதற்குத்தான் பதில் இல்லை.

வரிசைப்பித்தன்

நிலா, அலைன்மென்ட்டில் கோளாறு இல்லை. உள்ளே போட்ட ஐம்பதில்தான் கோளாறு. பிளாஸ்ட் பட்டியலின் தலையில் வருவது எல்லாம் பேசில்லஸ்தான். அவை பிரிந்து மாறுவதற்கே காலம் போதவில்லை. அதனால் வேலை செய்யும் எழுத்தும் சும்மா உட்கார்ந்திருக்கும் எழுத்தும் ஒன்றுபோல நிற்கின்றன. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளின் மூக்கைப் பார்த்துவிட்டு மனுஷ மூக்கே இப்படித்தான் என்று சொல்கிற கதைதான்.

இப்படிச் செய். பிளாஸ்ட்டில் ஹிட் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் உயர்த்து. வந்ததை சிடி-ஹிட்டில் போட்டு 70 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிறவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள். மீதியில் உன் புரதத்தோடு 30 முதல் 60 சதவீதம் ஒற்றுமை உள்ளவற்றைப் பொறுக்கு. பேசில்லஸுக்கு வெளியே போ: குளோஸ்ட்ரிடியம், ஆக்டினோபாக்டீரியா, எது கிடைத்தாலும். இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் வரிசையை வைத்து மட்டும் உறவு சொல்வது கஷ்டம், அங்கே புரொஃபைல் தேடல்தான் (ஒரு வரிசையை வைத்து இல்லாமல் குடும்பத்தின் மொத்தப் போக்கை வைத்துத் தேடுவது) சரி. பிறகு மாஃப்ட்டில் அலைன் செய்து, ஜால்வியூவில் திறந்து, மாறாத இடங்களை மட்டும் எழுதி அனுப்பு.

இன்னொன்று. "ஏடிபி பைண்டிங் புரோட்டீன்" என்ற பெயரை நம்பாதே. ஒரு ஜீனோமில் மென்பொருள் ஒட்டிய பெயரை அடுத்த ஜீனோம் காப்பி அடிக்கும், அதை அடுத்தது. யூனிபிராட் புரதத் தரவுத்தளத்தின் சுவிஸ்-பிராட் பகுதியில் மனிதர்கள் சரிபார்த்த பதிவு ஏதாவது உன் ஹிட்டில் இருக்கிறதா என்று பார். அது ஒன்று இருந்தால் மற்ற நூறுக்குச் சமம்.

செல்லூர்_சேது

எனக்கு ஒரு சந்தேகம். வாக்கர் ஏதான் கிடைத்துவிட்டதே, அப்புறம் எதற்கு இவ்வளவு? எங்கள் மேடம் வகுப்பில் கிளைசின், நடுவில் நாலு ஏதோ, கிளைசின், லைசின், செரின் அல்லது திரியோனின், இது வந்தாலே ஏடிபி என்றுதான் சொன்னார்கள்.

ஆரப்பாளையம்_ஐயா

தம்பி சேது, மேடம் சொன்னது பாதி. மீதி பாதியை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நான் ஓய்வு பெற்று ரொம்ப நாளாச்சு, ஆனாலும் இந்தக் கணக்கு மறக்காது.

புரோசைட் வைத்திருக்கும் பேட்டர்னில் முதல் இடம் அலனின் அல்லது கிளைசின். புரதங்களில் இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 15 சதவீதம். நடுவில் உள்ள நாலு இடத்துக்குக் கட்டுப்பாடே இல்லை. அடுத்த கிளைசின் 7 சதவீதம், லைசின் 6, கடைசியில் செரின் அல்லது திரியோனின் 12. எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு லட்சம் இடத்துக்கு ஏழெட்டு தடவை தற்செயலாகவே இந்தப் பேட்டர்ன் விழும். ஒரு பேசில்லஸில் சுமார் நாலாயிரம் புரதம், சராசரி முந்நூறு அமினோ அமிலம் என்று வைத்தால் பன்னிரண்டு லட்சம் இடம். அதாவது தொண்ணூறு பொருத்தம் சும்மா வரும். உண்மையான பி-லூப் (வாக்கர் ஏ வளைவு உள்ள) புரதங்களும் பாக்டீரியா ஜீனோமில் ஏராளம், பத்தில் ஒன்றுக்குக் குறையாது. ஆகவே பேட்டர்ன் பயனற்றது என்று சொல்லவில்லை. அது கதவைத் தட்டும், அவ்வளவுதான். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஓட்டை உண்டு. 1982இல் கேம்பிரிட்ஜில் ஜான் வாக்கரும் சகாக்களும் ஏடிபி சிந்தேஸின் ஆல்ஃபா, பீட்டா துணை அலகுகளையும் மயோசினையும் சில கினேஸ்களையும் (பாஸ்பேட்டை வேறொன்றின் மேல் ஏற்றும் என்சைம்கள்) அடுக்கிப் பார்த்துத்தான் இந்த ஒற்றுமையைக் கண்டார்கள். அப்போது அடினிலேட் கினேஸின் வடிவமும் துணைக்கு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஈ. கோலையின் அடினிலேட் கினேஸில் அந்த இடம் ஜி-ஏ-பி-ஜி-ஏ-ஜி-கே-ஜி. கடைசியில் செரினும் இல்லை, திரியோனினும் இல்லை, கிளைசின் நிற்கிறது. புரோசைட் பேட்டர்ன் அதைப் பிடிக்காது. ஏடிபியைப் பிடிப்பதில் அதைவிடப் பேர்போன என்சைம் உண்டா?

நிலா, உன் 198ஆம் இடம் பற்றி ஒரே கேள்வி. அதற்குப் பிறகு எத்தனை எழுத்து மிச்சம்?

நாகமலை_நிலா

மோட்டிஃப் 205இல் முடிகிறது ஐயா. பிறகு 36 எழுத்து.

ஆரப்பாளையம்_ஐயா

அதுதான் உறுத்துகிறது. பி-லூப் டொமைன் என்பது வெறும் எட்டு எழுத்து இல்லை. முதல் பீட்டா இழை முடிகிற வளைவில் வாக்கர் ஏ வரும். அதன் கிளைசின்கள் பாஸ்பேட்டைச் சுற்றி வளைந்து கொடுக்கும், லைசின் பீட்டா, காமா பாஸ்பேட்டைத் தொடும், கடைசி செரின் அல்லது திரியோனின் மெக்னீசியத்தைப் பிடிக்கும். அப்புறம் இன்னும் பல இழை, ஹெலிக்ஸ் எல்லாம் தாண்டித்தான் வாக்கர் பி, அதாவது நாலு நீர்வெறுப்பு எழுத்தும் ஒரு ஆஸ்பார்டேட்டும் வரும். வழக்கமாக ஐம்பது, நூறு எழுத்து தள்ளி. உன் புரதத்தில் அதற்கு இடமே இல்லை.

கடச்சனேந்தல்_காளி

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பெங்களூரில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறேன், கினேஸ் தடுப்பான்தான் தினசரிச் சோறு. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஏடிபி என்றாலே வாக்கர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஏடிபியைப் பிடிக்க இயற்கை ஒரே ஒரு பூட்டு செய்யவில்லை. பி-லூப் ஒன்று. புரத கினேஸ் முற்றிலும் வேறு: கிளைசின் நிறைந்த வளைவு, ஒரு லைசின், பிறகு ஹெச்-ஆர்-டி, டி-எஃப்-ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர்கள். ஆக்டின், ஹெச்எஸ்பி70, ஹெக்ஸோகினேஸ் மூன்றும் வரிசையில் அந்நியர்கள், வடிவத்தில் பங்காளிகள். ஏடிபி-கிராஸ்ப் தனி. அமினோஅசைல் டிஆர்என்ஏ சிந்தட்டேஸில் மட்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு வகுப்பு. கைரேஸ், ஹெச்எஸ்பி90, ஹிஸ்டிடின் கினேஸ், மட்எல் நாலும் சேர்ந்த ஜிஹெச்கேஎல் குடும்பம் இன்னொன்று.

"கினேஸ்" என்று பெயரில் இருப்பதை வைத்து ஹிஸ்டிடின் கினேஸில் டி-எஃப்-ஜி தேடியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். கிடைக்காது.

மேலூர்_மாறன்

இதெல்லாம் பழைய காலத்து வேலை. வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் வரிசையைப் போடு, வந்த வடிவத்தை ஃபோல்ட்சீக்கில் ஒப்பிடு, முடிந்தது. 2024இல் நோபலே கொடுத்துவிட்டார்கள். இன்னும் நட்சத்திரம் எண்ணிக்கொண்டு இருக்கிறீர்கள்.

வரிசைப்பித்தன்

மாறன், போடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஃபோல்ட் (மடிந்த வடிவம்) எது என்று அது சட்டென்று சொல்லிவிடும். ஆனால் ஆல்ஃபாஃபோல்டுக்குத் தீனியே இந்த அலைன்மென்ட்தான், அதை மறந்துவிட வேண்டாம். அதோடு ஃபோல்ட் தெரிந்தாலும் என்சைம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. மனிதனில் 518 கினேஸ் என்று 2002இல் எண்ணிய பட்டியலிலேயே ஏறக்குறைய பத்தில் ஒன்று, தேவையான எழுத்துகளில் ஏதோ ஒன்றை இழந்த போலி கினேஸ். ஃபோல்ட் அப்படியே இருக்கும்.

ஏடிபி சிந்தேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா, பீட்டா இரண்டுக்கும் வாக்கர் ஏ உண்டு, இரண்டும் நியூக்ளியோடைடைப் பிடிக்கும், வடிவமும் ஒன்றுபோலத்தான். வேலை நடப்பது பீட்டாவில். மாட்டின் புரதத்தில் பீட்டாவின் 188ஆம் இடத்தில் குளூட்டமேட். ஆல்ஃபாவில் அதற்கு நேரான இடத்தில் குளூட்டமின். ஒரே எழுத்து. அதை எந்தப் படமும் தானாகக் கூவிச் சொல்லாது, நேருக்கு நேர் அடுக்கினால்தான் கண்ணில் படும்.

மேலூர்_மாறன்

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நிலா ஆல்ஃபாஃபோல்டும் போடட்டும்.

நாகமலை_நிலா

செய்துவிட்டேன். நேற்று விடுதியில் வைஃபை படுத்திவிட்டது, அதனால் இன்று டிபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து முடித்தேன். தூரத்து உறவுகளை வைத்து மாஃப்ட் போட்டதும் நட்சத்திரம் பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிட்டது.

198இல் இருந்த வாக்கர் ஏ காணோம்! பேசில்லஸில் மட்டும்தான் இருக்கிறது. வெளியே போனால் அந்த லைசின் இடத்தில் குளூட்டமேட், அலனின், சிலவற்றில் இடைவெளி. அந்தப் பகுதியே பலவற்றில் இல்லை.

மாறாமல் நிற்பவை வேறு மூன்று இடம். முதலாவது 60 பக்கம்: குளூட்டமேட், மூன்று எழுத்து தள்ளி ஆஸ்பராஜின், உடனே அலனின். இரண்டாவது 95 பக்கம்: ஆஸ்பார்டேட், ஏதோ ஒன்று, கிளைசின், ஏதோ ஒன்று, கிளைசின். மூன்றாவது 120 பக்கம்: கிளைசின், ஏதோ ஒன்று, கிளைசின். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் நீளம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அலைன்மென்ட் அங்கே கந்தல். மாறன் அண்ணா சொன்ன மாதிரி ஆல்ஃபாஃபோல்டும் பார்த்தேன், அந்தப் பகுதிக்கு நம்பிக்கை மதிப்பெண் ரொம்பக் குறைவு.

கடச்சனேந்தல்_காளி

அடேயப்பா! தங்கச்சி, அது ஜிஹெச்கேஎல்தான். மூன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே விழுந்திருக்கிறது. முதலாவது என்-பாக்ஸ், அந்த ஆஸ்பராஜின் மெக்னீசியத்தைப் பிடிக்கும். இரண்டாவதில் உள்ள ஆஸ்பார்டேட் அடினின் வளையத்தின் அமினோவோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். குவானினில் அந்த இடத்தில் ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் குடும்பம் பொதுவாக ஏடிபியைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம். வாக்கர் ஏயில் அந்த வசதி இல்லை, அது பாஸ்பேட்டை மட்டும்தான் பார்க்கிறது. அதனால்தான் ஜிடிபி பிடிக்கிற ராஸ் புரதத்திலும் அதே வாக்கர் ஏ.

கந்தலாகத் தெரிகிற பகுதியைப் பார்த்துப் பயப்படாதே. அது ஏடிபி மூடி. ஏடிபி வந்தால் மூடும், போனால் அலையும். இந்தக் குடும்பத்தில் நீளமும் வரிசையும் அதிகம் மாறுவது அங்கேதான்.

எங்கள் தொழிலில் இந்தப் பள்ளத்துக்குத் தனி மரியாதை. கைரேஸில் நோவோபயோசின் என்ற தடுப்பான் வந்து உட்காருவதும் ஹெச்எஸ்பி90இல் ராடிசிகால் என்ற தடுப்பான் உட்காருவதும் இங்கேதான். ஈ. கோலை கைரேஸில் அந்த ஆஸ்பார்டேட்டுக்கு எண் 73.

செல்லூர்_சேது

அப்படியென்றால் இது ஹிஸ்டிடின் கினேஸா?

வரிசைப்பித்தன்

நல்ல கேள்வி, இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என்-பாக்ஸின் முதல் எழுத்தைக் கவனி. ஹெச்எஸ்பி90இல் அது இ-எல்-ஐ-எஸ்-என்-ஏ, குளூட்டமேட்டில் ஆரம்பிக்கிறது. கைரேஸிலும் மட்எல்லிலும் அங்கே குளூட்டமேட்தான். மட்எல்லில் கடைசி அலனினுக்குப் பதில் செரின், அது பரவாயில்லை. இந்தக் குளூட்டமேட்தான் தண்ணீர் மூலக்கூறை ஏவிவிட்டு ஏடிபியை உடைக்க வைக்கிறது. ஈ. கோலையின் ஹிஸ்டிடின் கினேஸ்களான என்வ்இசட், ஃபோக்யூ இரண்டையும் பார்: அதே இடத்தில் குளூட்டமேட் இல்லை, ஆஸ்பராஜின். அவற்றுக்கு ஏடிபியை வீணாக உடைப்பது வேலை இல்லை, பாஸ்பேட்டை ஒரு ஹிஸ்டிடின் மேல் வைப்பதுதான் வேலை.

நிலாவின் புரதத்தில் குளூட்டமேட் இருக்கிறது. நீளம் 241, டொமைன் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது, முன்னால் ஹிஸ்டிடின் தாங்கும் டொமைனுக்கு இடமே இல்லை. அதனால் வழக்கமான ஹிஸ்டிடின் கினேஸ் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எழுத்தை வைத்துக் குடும்பத்தையே தீர்மானிப்பதும் சரியில்லை. இன்டர்புரோ தளத்தில் போட்டு எந்த பிஃபாம் (புரதக் குடும்பப் பதிவு) வருகிறது என்று சொல். பிஃபாமின் பழைய தளம் இப்போது இல்லை, எல்லாம் இன்டர்புரோவுக்குள்தான். வரும்போது இ-மதிப்பையும் (தற்செயலாகவே இப்படி எத்தனை பொருத்தம் வரும் என்ற மதிப்பீடு) சேர்த்து எழுது.

எழுத்து மாற்றங்களுக்கான மதிப்பெண் அட்டவணை பற்றியும் ஒரு வார்த்தை, யாராவது கேட்பதற்குள். பிளோசம்62இல் லைசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்தால் பிளஸ் 2, ஆஸ்பார்டேட்டுக்குப் பதில் குளூட்டமேட் வந்தாலும் பிளஸ் 2. புரதத்தின் மேற்பரப்பில் அது நியாயம். என்சைமின் நடு மையத்தில் அதே மாற்றம் வேலையை நிறுத்திவிடலாம். மென்பொருள் "ஒத்த எழுத்து" என்று புள்ளி வைத்தால் அதை நட்சத்திரத்தோடு சேர்த்து எண்ணாதே.

நாகமலை_நிலா

இன்டர்புரோவில் ஹெச்ஏடிபேஸ்_சி_2 என்று வருகிறது. இ-மதிப்பு சுமார்தான், ஆனால் வரம்புக்குள் இருக்கிறது. விளக்கத்தில் ஸ்போ2ஏபி, ஆர்எஸ்பிடபிள்யூ என்ற பெயர்கள் இருக்கின்றன. வரிசைப்பித்தன் அண்ணா கேட்ட சுவிஸ்-பிராட் ஹிட்டும் ஸ்போ2ஏபிதான், ஒற்றுமை 27 சதவீதம்.

ஆரப்பாளையம்_ஐயா

பேசில்லஸில் ஸ்போ2ஏபியா! பெரிய ஆளாயிற்றே. ஸ்போர் உண்டாகும்போது சிக்மா எஃப்பை (ஸ்போர் ஜீன்களை இயக்கும் புரதம்) கட்டிப் பிடித்து வைத்திருப்பது அதுதான். 146 அமினோ அமிலம். ஜிஹெச்கேஎல் வடிவம், ஆனால் ஹிஸ்டிடினைத் தொடாது. ஸ்போ2ஏஏ என்ற கூட்டாளிப் புரதத்தின் ஒரு செரின் மேல் பாஸ்பேட்டை வைக்கும். என்-பாக்ஸில் குளூட்டமேட் இருப்பதும் அதோடு பொருந்துகிறது.

27 சதவீதம் என்பது இழுபறி. அதை ஊர்ஜிதப்படுத்த வரிசையைத் தாண்டி ஒரு வழி இருக்கிறது. ஜீனோமில் இந்த ஜீனுக்கு முன்னும் பின்னும் என்ன உட்கார்ந்திருக்கிறது? பேசில்லஸ் சப்டிலிஸில் ஸ்போ2ஏஏ, ஸ்போ2ஏபி, சிக்மா எஃப் மூன்றும் ஒரே ஓபரானில் (சேர்ந்து இயங்கும் ஜீன் தொகுப்பு) அடுத்தடுத்து. நீ பார்ப்பது அந்தக் கோஷ்டியின் உறவு என்றால் பக்கத்து வீட்டில் ஸ்போ2ஏஏவைப் போல ஸ்டாஸ் டொமைன் உள்ள ஒரு சின்னப் புரதம் இருக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் இதையெல்லாம் இப்படி ஒரு மாலையில் பார்க்க முடியாது. 80களின் பிற்பகுதியில் உயிரித்தொழில்நுட்பத் துறை நாடு முழுக்கத் தகவல் மையங்கள் வைத்தபோது காமராசர் பல்கலைக்கும் ஒன்று கிடைத்தது. அதன் பிறகுதான் மதுரைக்காரன் வரிசை தேட வேறு ஊருக்குப் போவது குறைந்தது. நீங்கள் நாகமலையில் டீ குடித்துக்கொண்டே தேடுகிறீர்கள்.

நாகமலை_நிலா

ஐயா, இருக்கிறது! சரியாக முன்னால் 112 அமினோ அமிலத்தில் ஒரு புரதம், இன்டர்புரோ ஸ்டாஸ் டொமைன் என்கிறது. பின்னால் சிக்மா இல்லை, ஏதோ டிரான்ஸ்போர்ட்டர்.

வரிசைப்பித்தன்

சிக்மா பக்கத்தில் இல்லாவிட்டால் பாதகமில்லை, வேறெங்காவது இருக்கலாம். ஸ்டாஸ் கூட்டாளி ஒட்டி இருப்பதே பெரிய சாட்சி. அந்த ஸ்டாஸ் புரதத்தையும் ஸ்போ2ஏஏவோடு அடுக்கி, பாஸ்பேட் ஏறுகிற செரின் இருக்கிறதா என்று பார்த்துவிடு. ரிப்போர்ட்டில் "ஆன்டி-சிக்மா வகையைச் சேர்ந்த செரின் கினேஸாக இருக்கலாம்" என்று எழுது. "இருக்கலாம்" என்பதை எடுத்துவிடாதே.

நாகமலை_நிலா

செரின் இருக்கிறது அண்ணா, அலைன்மென்ட்டில் நேராக விழுகிறது.

இப்போது லேபில் ஏடிபி பிடிக்கிறதா என்று காட்டச் சொல்கிறார் கைடு. எங்களிடம் மாலக்கைட் கிரீன் கிட் இருக்கிறது. அதில் போட்டால் போதுமா?

கடச்சனேந்தல்_காளி

வேண்டாம், அதை மட்டும் நம்பி இறங்காதே. மாலக்கைட் கிரீன் அளப்பது கரைசலில் விடுபட்ட பாஸ்பேட்டை. உன் புரதம் பாஸ்பேட்டைக் கூட்டாளியின் செரினுக்குக் கொடுத்துவிட்டால் கரைசலில் ஒன்றும் மிஞ்சாது. நிறம் வராது, நீ ஏடிபியே பிடிக்கவில்லை என்று எழுதிவிடுவாய்.

முதலில் பிடிக்கிறதா என்பதை மட்டும் கேள். டிஎன்பி-ஏடிபி என்று ஒளிரும் ஏடிபி கிடைக்கும், புரதத்தில் ஒட்டினால் ஒளி கூடும், ஹிஸ்டிடின் கினேஸ்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்துவது. மேலே சாதா ஏடிபியை ஊற்றி அதை வெளியே தள்ள முடிகிறதா என்றும் பார். மெக்னீசியம் போட்டு ஒன்று, மெக்னீசியத்தைப் பிடித்து அகற்றும் ஈடிடிஏ போட்டு ஒன்று. என்-பாக்ஸ் ஆஸ்பராஜினை மாற்றிய புரதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள். செலவுக்கு வழியிருந்தால் 198 பக்கத்து லைசினையும் அலனினாக மாற்றிப் பார். அது அசையாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் வாக்கர் ஏ சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கூட்டாளிப் புரதமும் செய்து வைத்திருந்தால் அடுத்த கட்டத்துக்குப் பாஸ்-டேக் ஜெல் ஓட்டலாம். பாஸ்பேட் ஏறிய பட்டை மெதுவாக நகரும், கண்ணுக்கே தெரியும்.

செல்லூர்_சேது

பாஸ்-டேக் விலை கேட்டீர்களா? எங்கள் துறையில் கேட்டால் தலைவர் எழுந்து போய்விடுவார்.

கடச்சனேந்தல்_காளி

ஹாஹா, உண்மைதான். டிஎன்பி-ஏடிபி அவ்வளவு மோசமில்லை. பக்கத்துத் துறையில் யாராவது வைத்திருப்பார்கள், ஃபிரிட்ஜைத் திறந்து கேட்டுப் பார்.

ஆரப்பாளையம்_ஐயா

நிலா, ரிவ்யூவில் அந்த 198 படத்தை எடுத்துவிடாதே. ஐம்பது பேசில்லஸ் அலைன்மென்ட் ஒரு ஸ்லைடு, தூரத்து உறவு அலைன்மென்ட் அடுத்த ஸ்லைடு, அதே இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டு. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் புரோசைட்டைத் திறந்து "இங்கே வாக்கர் இருக்கிறதே" என்றுதான் முதலில் கேட்பார்.

நாகமலை_நிலா

சரிங்க ஐயா, இரண்டையும் வைக்கிறேன். எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிஎன்பி-ஏடிபி பயோகெமிஸ்ட்ரியில் ஒரு அக்காவிடம் கொஞ்சம் இருக்கிறதாம், திங்கட்கிழமை தருகிறேன் என்றார்கள். தூரத்து உறவு அலைன்மென்ட் கோப்பை இங்கேயே இணைக்கிறேன். 95க்கும் 120க்கும் நடுவே நான் கையால் நகர்த்திய இடங்கள் சரியா என்று வரிசைப்பித்தன் அண்ணா ஒருமுறை பார்த்துவிடுங்கள்.